ஏழு நாற்காலி

இரணியல் முன்சீப் கோர்ட்டின் அமீனா நான்.
வாரண்டு தோல்பையில், தோல்பை மடியில்,
திங்கள்சந்தை வரை பத்து நிமிஷ பஸ்.
செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துத்தான் போனேன்.
திங்களன்று போனால்
சந்தையே கூடி வந்து ஜப்தி பார்க்கும்.

கீழே ஏத்தங்குலைக் கடை.
மேலே எடையளவு ஆய்வாளர் அலுவலகம்.
நடுவில் இருபத்தோரு படி,
அறுபத்தொரு மாத பாக்கி.

கடை ஞானாபரணத்துடையது. கட்டிடமும்.
மாதம் நாலாயிரத்து இருநூறு என்று கையெழுத்தானபோது
மீசை கறுப்பாக இருந்தது என்று
குறுக்கு விசாரணையில் அவரே சொன்னார்.
நீதிபதி அதைப் பதிவு செய்யவில்லை.

எதிர்வாதம் வருஷா வருஷம் ஒன்றுதான்:
வாடகை தர மறுக்கவில்லை,
பொதுப்பணித் துறையின் வாடகை நிர்ணயச் சான்று வரவில்லை,
வந்த சான்றில் சதுர அடி தவறு,
திருத்தப் போன கோப்பு நாகர்கோவிலில்,
நாகர்கோவில் சொன்னது, சென்னையில் என்று.
சென்னை ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குள் ஆண்டுதோறும்
ஞானாபரணம் தன் தராசைத் தூக்கிக்கொண்டு
தன் படியிலேயே ஏறிப்போய்
முத்திரைக் கட்டணம் கட்டினார்.
ஒரு வருஷம் நான்கு நாள் பிந்தியது.
அபராதம் போட்டார்கள்.
அந்த ரசீதுதான் வழக்கில்
சான்றாவணம் பதினொன்று.

மாடியில் ஆய்வாளர் சுனிதகுமாரி எழுந்து நின்றார்.
இங்கே மாறி வந்து எட்டு மாதம்தானாம்.
"கரண்டு பில்லே எனக்க கையில இருந்துதான் சாரே கெட்டுதேன்"
என்று ஒரு நோட்டைக் காட்டினார்,
தேதி போட்டு, அடிக்கோடிட்டு.
நோட்டு ஜப்திக்கு உதவாது.

எழுத ஆரம்பித்தேன்.
இரும்பு அலமாரி ஒன்று, பூட்டு பிடிக்காது.
மேசை இரண்டு. நாற்காலி ஏழு,
அதில் ஒன்றுக்கு இடது கை இல்லை.
மின்விசிறி என்று எழுதப் போனபோது
ஞானாபரணம் பேனாவைத் தடுத்தார்:
"அது எனக்க ஃபேன்.
எனக்க பொருளை எனக்காக ஜப்தி செய்யாதையும்."

சுவரோரம் கண்ணாடிப் பெட்டி.
நீல வெல்வெட்டில் பித்தளை எடைகள்,
ஐந்து கிலோ தொடங்கி
ஊதினால் பறக்கும் மில்லிகிராம் தகடு வரை.
இந்த வட்டாரத்து மீனும் மிளகும் ரப்பர் ஷீட்டும்
இவற்றுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.
"ஏலத்துல நல்ல விலை போவும்" என்றார்
வாதி வக்கீலின் குமாஸ்தா.
சுனிதகுமாரி பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.
ஒன்றும் பேசவில்லை.

"அது வேண்டாம்."
சொன்னது ஞானாபரணம்.
முகத்தில் பெருந்தன்மை ஏதும் தெரியவில்லை.
"எனக்க தராசுக்கு வியாழக்கிழமையோட முத்திரை முடியுது.
இதையும் தூக்கிட்டுப் போனா எங்க கொண்டு போவேன், தக்கலைக்கா?
கடையில குலையை யாரு பாப்பா?"

மற்றதெல்லாம் இறங்கியது.
ஒன்றேகாலுக்கு, டெம்போவில் கயிறு கட்டும்போது,
அரசு வக்கீலின் ஜூனியர் பைக்கில் வந்து சேர்ந்தார்.
பத்மநாபபுரம் கோர்ட்டின் தடையாணை:
ஆறு வாரத்தில் பாதித் தொகையைக் கட்டட்டும்,
அதுவரை பொருள்கள் இருந்த இடத்தில் இருக்கட்டும்.

இறக்கு கூலி கொடுத்தாயிற்று.
ஏற்று கூலி யார் கொடுப்பது என்று
ஆணையில் இல்லை.
அதனால் மேசையை ஒரு பக்கம் ஆய்வாளரும்
ஒரு பக்கம் ஜூனியரும் பிடித்தார்கள்.
நாற்காலிகளை இரண்டிரண்டாக நான் ஏற்றினேன்.
அலமாரிக்கு ஞானாபரணமே தோள் கொடுத்தார்,
ஒவ்வொரு படியிலும் யாரையோ திட்டிக்கொண்டு.

பஸ்சுக்கு நேரமிருந்தது. மட்டிப்பழம் ஒரு கிலோ கேட்டேன்.
கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்தபடி
நிறுத்தார். எண்கள் ஆடி அடங்கும்வரை
காத்திருந்தார்.
காசை எண்ணி வாங்கிக்கொண்டார்.

அறிக்கையை பஸ்சிலேயே எழுதி முடித்தேன்:
நாற்காலி ஏழு, திரும்ப ஒப்படைக்கப்பட்டது.

ஆறு.