ஒரு மணித்தியாலம்

நாளை வற்றம் காலை நாலு பத்து.
அதோடு இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் கூட்ட வேண்டும்.
செயின்ட் ஜானில் கடல் இறங்கி முடித்து
மீண்டும் பாதி ஏறிய பிறகுதான்
ஆற்றுக்குச் செய்தி போய்ச் சேரும்;
அதுவரை பாலத்தடிப் பாறையில்
விழுந்துகொண்டே இருக்கும்.

ஆறு முப்பத்தைந்து.
பென்சிலால் வட்டமிட்டேன்.
அப்போது தண்ணீர் எந்தப் பக்கமும் சாயாது.
இருபது நிமிடம். சில நாள் அதுவும் இல்லை.
பிறகு ஆறு
வந்த வழியே திரும்பி ஏறும், நாங்களும் அதன் முதுகில்.

எங்கள் எஞ்சின் மணிக்கு ஐந்து கடல்மைல்.
சுழிக்கு எத்தனை என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

டீசல், கயிறு, மிதவைச் சட்டை இரண்டு.
காகித ஆலைப் பக்கம் ஒதுங்காதே என்று
துறைமுகத்துக் கோர்மியே சொன்னதை
வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

இரவு வேலை முடிந்து வந்த வதனி
சப்பாத்தைக் கழற்றாமலே குனிந்து பார்த்தாள்.
"கோடை நேரம் கூட்டினீங்களா?"

கூட்டவில்லை.
அட்டவணை அச்சிட்டவனுக்குக் கோடையே கிடையாது.

மூன்று மாலை உட்கார்ந்து போட்ட கணக்கு,
நேரே கொண்டுபோய் அருவியில் முட்டியிருக்கும்.

அழிரப்பரை வாங்கி
ஆறை அவளே அழித்தாள். ஏழு.
முப்பத்தைந்து அப்படியே நின்றது.

"எதுக்கும் ஏழுக்கே போய்க் கீழே நிற்பம்.
அது நிற்கிறதைக் கண்ணால பார்த்திட்டு
எஞ்சினைக் கூட்டுங்கோ" என்றாள்,
தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தபடி.

அழித்த இடத்தில்
தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது.