தை முதலாம் திகதி, செவ்வாய்

கொட்பே ஐஸ் தொழிற்சாலையை இடித்தபோது
பழைய இரும்பு விலைக்கு எடுத்த கணனியை
ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள் மெற்றில்டா.
"உள்ளுக்குள்ள மணிக்கூட்டுப் பற்றரி செத்துப்போச்சாம்.
மாத்தித் தாங்கோ."
ஏகாம்பரம் வீதியில் இன்வேர்ட்டர் திருத்துகிறவனுக்கு
இப்படியும் ஒரு வேலை.

மூடியைக் கழற்றினேன்.
உப்புக்காற்று எனக்கு முன்னமே உள்ளே போயிருந்தது.
விரிவாக்க அட்டையில் நினைவகச் சில்லுகள் வரிசையாக,
மூலையில் அது:
கடிகாரத்தையும் பற்றரியையும் ஒன்றாகக்
கறுப்புப் பிசினுக்குள் புதைத்த கட்டி.
திறப்பதற்கென்று செய்யப்படவில்லை.
பத்து வருடம் ஓடும், அதற்குப் பிறகு யார் கேட்கப்போகிறார்கள்
என்று எங்கோ ஒருவன் நினைத்திருக்கிறான்.

முதுகில் இலக்கம் 9621.
தொண்ணூற்றாறு, இருபத்தோராம் வாரம்.
அந்த வாரம்தான் நாட்டு மணிக்கூடுகளை
ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள்.
பிறகு அரை மணியைத் திருப்பித் தந்தார்கள்.
குடாவுக்கு அக்கரை சம்பூரில் பழைய நேரம்,
இக்கரையில் புது நேரம்.
கலியாணத்துக்கு அங்கே போனால் ஐயர் வந்திருக்கமாட்டார்,
அங்கிருந்து இங்கே வந்தால் பந்தி முடிந்திருக்கும்.
பத்தாம் வருடம் எல்லாருமே பழைய நேரத்துக்குத் திரும்பினோம்.
பற்றரியும் ஏறக்குறைய அப்போதுதான் செத்திருக்கிறது.
இதில் கருத்தொன்றும் இல்லை. சொல்லவேண்டும்போல் இருந்தது.

பதினாறாம் காலுக்கும் இருபதாம் காலுக்கும் நேரே
பிசினை அரத்தால் ராவினேன்.
கறுப்புத் தூள். கருகிய நகத்தின் மணம்.
வாசலில் ஒரு மான்
என் அட்டைப்பெட்டியை மென்றுகொண்டு நின்றது.
உலோகம் மினுங்கியதும் நிறுத்தினேன்,
இன்னும் ஒரு மயிரளவு போனால் கடிகாரமும் போகும்.
செத்ததற்குப் போகும் வழியை வெட்டி,
இரண்டு வயரை ஈயம் உருக்கி ஒட்டி,
நூற்றைம்பது ரூபாய் வட்டப் பற்றரியைக்
கூட்டுக்குள் அழுத்தினேன். டிக்.

"இனிச் சரியான திகதி காட்டுமா?"
"காட்டும்."
"அப்ப மரியசீலியின்ர கடைசித் துண்டை எடுங்கோ.
ஆறு கட்டி ஐஸ்."

தம்பியின் வள்ளம்.
கடலுக்குப் போன நாளென்று
மூன்று கந்தோர்களில் மூன்று திகதி எழுதியிருக்கிறார்களாம்.
ஐஸ் ஏற்றிய நாள்தானே போன நாள்,
அது இதற்குள் இருக்கும்,
பற்றரி மாற்றினால் சொல்லும் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

துண்டு இருந்தது. மரியசீலி, ஆறு கட்டி, கடன்.
ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பது, தை முதலாம் திகதி.
அதற்கு மேலே உள்ளதும் கீழே உள்ளதும்,
பற்றரி செத்தபின் எழுதிய நானூற்றுச் சொச்சத் துண்டும்
அதே செவ்வாய்க்கிழமை.

"எண்பதில அவன் பிறக்கவேயில்லை," என்றாள்.

புதுப் பற்றரி இன்றிலிருந்துதான் எண்ணும்,
எண்ணாமல் விட்டதை எண்ணாது என்பதை
மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன.

"நேரம் ஏதும் போட்டிருக்கா?"
போட்டிருந்தது. பூச்சியம் மணி, பதினாலு நிமிடம்.
ஒவ்வொரு முறை கறண்ட் வரும்போதும்
இது பூச்சியத்திலிருந்துதான் தொடங்கியிருக்கிறது.
ஆகவே என்றைக்கோ ஒருநாள்
கறண்ட் வந்து பதினாலு நிமிடம் கழித்து
அவனுக்குத் துண்டு எழுதினார்கள்.
அவ்வளவுதான் இதற்குத் தெரியும்.

"பதினாலு நிமிசம் நின்றிருக்கிறான்," என்றாள்.
"ஒரு இடத்தில நிக்கமாட்டான்."
கொஞ்சம் சிரித்ததுபோல இருந்தது.

இன்றைய திகதியை அடித்தேன்.
ஆளியை அணைத்து, நூறு எண்ணிப் போட்டேன்.
எண்ணிய நூறும் கணக்கில் சேர்ந்திருந்தது.
வேலை சரி.

பில் எழுதிக் கொடுத்தேன்.
தொகையைப் பார்க்கவில்லை அவள்.
மேல் மூலையில் நான் போட்ட திகதியை
விரலை வைத்து வாசித்தாள்.