பின் சில்லு

ஸ்கானில் நீ ஒரு கையை மடித்து வைத்திருந்தாய்.
மிஸ்ஸி ஒன்றும் சொல்லவில்லை.
"பெடியன்தான்" என்றார் உன் அப்பா.
பெயரும் வைத்துவிட்டார்: அபிமன்யு.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மான்
யாரோ வீசிய வாழைப்பழத்தோலைத் தின்றுகொண்டிருந்தது.
மனையாவெளிக்கு ஓட்டோவில் வரும்போது
அந்தப் பெயரை வாய்க்குள் போட்டுப் பார்த்தேன்.
கராம்புத்துண்டு போல விறைத்தது நாக்கு.

கதை உனக்குத் தெரிந்திருக்கும்,
உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அதை முதலில் சொல்கிறார்கள்.
வியூகத்தை உடைத்து நுழையும் வழியைத் தகப்பன் சொல்லச் சொல்ல
தாய் உம் கொட்டினாளாம்,
பாதியில் உறங்கிவிட்டாளாம்.
வெளியே வரும் வழி
அவள் உறக்கத்துக்கு அந்தப் பக்கம் நின்றுபோயிற்றாம்.
ஏழு மாத வயிற்றோடு
ஒரு ராத்திரி புரண்டு படுத்துப் பார்த்தவர்கள்
இப்படிப் பழி சொல்லமாட்டார்கள்.

அவளை நான் கேட்கமாட்டேன்.
பின்னாலேயே வருகிறோம் என்று சொல்லி
வாசலில் மறிக்கப்பட்ட பெரியப்பா சித்தப்பாமாரைக் கேட்பேன்:
பதினாறு வயதுப் பிள்ளையிடம்
"உனக்குத்தானே வழி தெரியும், முன்னால் போ" என்று
எந்த வாயால் சொன்னீர்கள்?

உன் மாமன் மயூரதனுக்கும் பதினாறு.
சம்பூரில் சைக்கிள் திருத்துவான்.
ஒரு கண்ணை மூடி, கம்பி கம்பியாய் இறுக்கிச்
சில்லின் கோணல் எடுப்பான்.
அவன் போனானா, கொண்டுபோனார்களா,
அம்மா வெவ்வேறு நாளில் வெவ்வேறாய்ச் சொல்வாள்.
நான் கண்டது சைக்கிளை மட்டும்.
ஒழுங்கை முடக்கில் சரிந்து கிடந்தது.
பின் சில்லு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
கையால் பிடித்து நிறுத்தினேன்.
ஏன் நிறுத்தினேன்?

தேர்ச்சில்லைத் தூக்கிக்கொண்டு கடைசியாய் நின்றவனை
எவனாவது மேடையில் ஆடினால்
சனம் கைதட்டும்.
என் உள்ளங்கையில் கிறீஸ் மணக்கும்.

அவனுக்கும் ஒரு பிள்ளை வயிற்றில் இருந்தது.
அதையும் தேடி ஓர் அம்பு வந்தது.
பிழைத்துக்கொண்டது அது.
வளர்ந்து அரசாண்டு, பாம்பு கடித்துச் செத்தது,
அறுபது வயதில் என்கிறார்கள்.
அறுபது!
அந்தக் கதையைத்தான் ஒருத்தரும் ஆடுவதில்லை.

உன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் இழுவைப்படகு.
சீனக்குடாவுக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களை
உள்ளே எடுப்பதும் வெளியே விடுவதும் தொழில்.
"உள்ளுக்கு வாற கப்பல் பாரத்தில் அமுங்கிச்
சொன்னபடி கேட்கும்.
வெறுங்கப்பல்தான் கரைச்சல்.
உயர்ந்து நிற்கும், கச்சான் பிடித்தால்
பாறைப்பக்கம் போகப் பார்க்கும்" என்பார்.

அதனால் ஒரு நிபந்தனை வைத்தேன்.
பெயரைப் பிறகு பார்ப்போம்.
இரவில் வயிற்றுக்குக் கதை சொல்வதென்றால்
வெளியே போவதிலிருந்து தொடங்கவேண்டும்.
உள்ளே போகச் சொல்லித்தர
ஊர் முழுக்க ஆள் இருக்கிறது.

தொடங்கினார்.
கயிறு கழற்றுவது.
மூக்கை மெல்லத் திருப்புவது.
வெளிச்சவீடு எந்தப் பக்கம் இருக்கவேண்டுமென்றால்...
"எந்தப் பக்கம்?" என்றேன்.
குறட்டை.

இந்த முறை உறங்கியது சொன்னவர்.

சரி, மிச்சத்தை நான் சொல்கிறேன்.
கடல்வழி எனக்குத் தெரியாது,
இது நான் நடந்துவந்த வழி.
சம்பூரிலிருந்து ஈச்சிலம்பற்று,
அங்கிருந்து வெருகல் ஆறு.
பகலில் மரத்தடி, இரவில் நடை.
செருப்பு அறுந்தால் குனியாதே.
யாராவது உன்னை வீரன் என்றால்
எவ்வளவு தூரத்தில் நின்று சொல்கிறான் என்று பார்.
ஆற்றில் தண்ணீர் நெஞ்சுக்கு வரும்,
பக்கத்தில் நிற்பவரின் தோளைப் பிடி,
யாரென்று கேட்காதே.
திரும்பிப் பார்க்கலாம்.
பார்க்கக்கூடாது என்பது பொய்.
நான் நாலு தரம் பார்த்தேன்,
நாலு தரமும் ஒழுங்கை முடக்கு தெரிந்தது,
ஆற்றுக்கு நடுவில் நின்றபோதும்.

தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது.
நீ உதைத்தாய்,
வலப்பக்கம், விலாவுக்குக் கீழே.
அது வழி இல்லை.
தலையைக் கீழே திருப்பு.
விடிய நேரம் இருக்கிறது,
முதலிலிருந்து சொல்கிறேன்:
கயிறு கழற்றுவது.
மூக்கை மெல்லத் திருப்புவது.