பதினோராவது படி

மூன்றாவது வாரம்.
நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்,
அயனாவரம் மார்க்கெட் முனைவரை போய்த் திரும்பினேன்.
இரண்டாம் மாடிக்கு இருபத்திரண்டு படி;
பதினொன்றில் உட்கார்ந்துவிட்டேன்.

காலையிலிருந்து உள்ளே போனது
இருமல் மருந்து மூடியில் அளந்த பருப்புத் தண்ணீர்,
ஆறு மூடி.
தலை துவட்டக்கூடக் கை எழவில்லை.
"ஆளே பாதியாயிட்டியே, இன்னும் என்ன அசதி?"
எதிர்வீட்டு ரமணிபாய் கேட்டார்.
பதில் சொல்லத் தெம்பில்லை, சிரித்து வைத்தேன்.

கீழே இரும்புச் சத்தம்.
தணிகாசலம், தோளில் சிலிண்டரோடு.
எழுந்து வழிவிட முழங்கால் கேட்கவில்லை.
முன்பெல்லாம் நான் இறங்கி முடிக்கும்வரை
வாசலிலேயே நிற்பார்.
இன்று சிலிண்டரை இறக்கிவிட்டு
அதே படியில் உட்கார்ந்தார்.
இடம் இருந்தது.

"எவ்ளோம்மா கொறஞ்சிது?"
பதினாலு கிலோ.
"ஒரு சிலிண்டர் காஸு,"
துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டார்.
கொஞ்சம் மூச்சு வாங்கி,
"காலி சிலிண்டரும் கனம்தாம்மா.
தூக்குறவனுக்குத்தான் தெரியும்."

தெருவில் தண்ணி லாரி
பாட்டுப் பாடிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தது.
பையிலிருந்த பாட்டிலைத் திறந்து
ஒரே ஒரு மிடறு.
அடுத்த மிடறுக்கு
இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது.
இரண்டு பேரும் எழவில்லை.