எட்டே கால் மணி மேகம்

ஜூலை மாத லிமாவுக்கு வானம் இல்லை.
இருப்பதைக் கழுதையின் வயிறு என்கிறார்கள்:
சாம்பல் நிறம், எட்டித் தொடும் தாழ்வு.
பகலில் பதினெட்டு, இரவில் பதினைந்து.
வெப்பமானிக்கே கொட்டாவி வரும்.
துவைத்த காலுறை நான்கு நாளாய்க் கொடியில்,
நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடுதல் ஈரமாய்.

என் வேலை அட்டைகளைப் படிப்பது.
மாடியில் ஒரு கண்ணாடி உருண்டை.
அதன் வழியே குவியும் வெயில்
நீல அட்டையில் ஒரு கோடு சுடும்.
சுட்ட நீளம்தான் அன்றைய சூரியன்.
இந்த ஊர் அட்டைகளோ
வைத்தது வைத்தபடி இறங்கி வருகின்றன.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் என்று நிரப்பி நிரப்பி
எனக்கு அந்த ஓர் எண் மட்டும் அழகாக வரும்.

மாதக் கடைசியில் குஸ்கோவிலிருந்து பொட்டலம்.
பிரித்தால் கருகல் வாசனை.
அந்த உயரத்தில் இரவு மைனஸ் இரண்டு,
வாளித் தண்ணீர் ஏடு கட்டும்.
விடிந்தால் மூக்கை உரிக்கும் வெயில்.
காலை முதல் மாலை வரை
கத்தியால் கீறியதுபோல் ஒரே கோடு.

ஒரே கோடு அல்ல.
எட்டே காலுக்கு ஓர் இடைவெளி.
நான்கு நிமிடம்.
மூன்றாம் தேதி. நான்காம் தேதி. ஐந்தும்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஞாயிறு முழுசாக இருக்கிறது.

வார விடுமுறை எடுக்கும் மேகம் உண்டா?

அட்டையைத் திருப்பினேன்.
பின்னால் பென்சில் கையெழுத்து: செனோவியா வில்க்கா.
ஞாயிற்றுக்கிழமையில் வேறு யாரோ.

உருண்டைக்கும் கிழக்குக்கும் நடுவில் நின்று
முதுகு காய்கிறாள்.

விதிப்படி நான் கடிதம் எழுத வேண்டும்,
கருவியின் மேல் நிழல் விழலாகாது என்று.
தாளை எடுத்தேன். விரல் நசநசத்தது,
தாளும்.
குறிப்புக் கட்டத்தில் 'மேகம்' என்று போட்டு
அடுத்த அட்டைக்குப் போனேன்.

பிப்ரவரியில் எல்லாம் தலைகீழ்.
குஸ்கோவில் மழை. அட்டைகள் ஊறி உப்பி வருகின்றன,
நெருப்பு தொட்டுவிட்டு ஓடிய புள்ளிகளோடு.
எட்டே காலுக்கு அவள் எங்கே நிற்கிறாள் என்று
படிக்க வழியில்லை.
இங்கே இருபத்தெட்டு. கடற்கரைப் பேருந்துகளில் தொங்கும் கூட்டம்.
கழுதை எழுந்து போய்விட்டது.

இன்று காலை மாடி ஏறினேன்.
உருண்டைக்கு முன்னால், வெயிலுக்கு முதுகு காட்டி,
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.
காய்வதற்குக் குளிர் எதுவும் இல்லை.
சட்டை முதுகோடு ஒட்டியதுதான் மிச்சம்.

சாயங்காலம் அட்டையைக் கொண்டுவந்த ஹிலாரியோ
இடைவெளியில் நகத்தை வைத்துக் கேட்டான்,
"காலையில் மேகமா இருந்தது?"

"ஆமாம்," என்றேன்.
"குஸ்கோ பக்கத்து மேகம்."