படகு விதி

படத்தில் எனக்கு முப்பது வயது.
நடந்தபோது ஐம்பத்து நான்கு;
வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தேன்.
திரையில் அந்தப் பெண் குனிந்து நிமிரும்போது
எலும்பில் ஒரு சத்தமும் இல்லை.
குறை சொல்லவில்லை. அழகாகத்தான் அழுகிறாள்.

யோக்மோக் ஊர் மன்றத்தில் வியாழக்கிழமைக் காட்சி.
பதினேழு பேர். எல்லோருக்கும் என்னைத் தெரியும்,
அதனால் யாரும் என் பக்கம் திரும்பவில்லை.
கெர்தா மட்டும் மடித்த கைக்குட்டை ஒன்றை
என் இருக்கைப் பிடியில் வைத்துவிட்டுப் போனாள்.

படத்தில் தூரே பனிச்சரிவில் சாகிறான்.
உச்சியிலிருந்து வெண்மை இறங்கி வர,
கடைசியாக என் பெயரைச் சொல்கிறான்.

தூரே செத்தது அக்டோபரில், எங்கள் கார் கொட்டகையில்,
குளிர்கால டயர் மாற்றும்போது.
மூன்றைப் பூட்டியிருந்தான்.
நான்காவதை நான்தான் பூட்டினேன்.
ஆம்புலன்ஸ் முன்னால் போய்விட்டது,
அதன் பின்னால் நான் போக வேண்டியிருந்தது.
இயக்குநரிடம் இதைச் சொன்னேன்.
எழுதிக்கொண்டார்.

அபிஸ்கோவிலிருந்து ஹேமவான்வரை
நானூற்று நாற்பது கிலோமீட்டர், முப்பத்தொரு நாள்.
திரையில் அவள் நட்சத்திரங்களுக்குக் கீழே படுத்து
அவனோடு பேசுகிறாள்.
ஜூலையில் அங்கே ஏது நட்சத்திரம்?
நள்ளிரவிலும் கூடாரத் துணி
ஆரஞ்சுத் தோல்போல் ஒளிர்ந்துகொண்டிருக்கும்.
கண்ணை மூடினால்தான் இருட்டு.
மூடினால் கொட்டகை.

அப்புறம் கொசு. படத்தில் ஒரு கொசுகூட இல்லை.
அழ வாயைத் திறந்தால் நான்கு உள்ளே போகும்.
அழுகையைத் தள்ளிப்போட அது ஒரு சாக்கு.

வழிநெடுகக் கம்பங்களில் சிவப்புப் பெருக்கல் குறி,
பனிக்காலத் தடத்துக்காக நட்டவை.
தப்பு, தப்பு, தப்பு என்று
யாரோ மலையைத் திருத்திக்கொண்டே போயிருந்தார்கள்.

அந்த ஏரிக்கு மூன்று படகுகள்.
எந்தக் கரையிலும் ஒன்றாவது நிற்க வேண்டும், அதுதான் விதி.
நான் போய்ச் சேர்ந்தபோது என் பக்கம் ஒன்றே ஒன்று.
அப்படியென்றால்
அக்கரைக்குத் துடுப்பு போட வேண்டும்,
அங்கிருந்து இன்னொன்றைக் கட்டி இழுத்து வர வேண்டும்,
அதை இங்கே விட்டுவிட்டு
மறுபடி போக வேண்டும்.

தூரே இருந்திருந்தாலும் மூன்று முறைதான்.
ஆள் மாற்றிப் போட்டிருக்கலாம், அவ்வளவே.
பாதியில் சாக்லேட் கேட்டிருப்பான்.

அந்த இரண்டாம் முறை, திரும்பி வருகிற முறை,
அதைத்தான் யாரிடமும் சரியாகச் சொல்ல முடியவில்லை.
துடுப்பு போடுகிறவளுக்கு முதுகுதான் முன்னால் போகும்.
போய்ச் சேர்ந்துவிட்ட கரையில் என் பை கிடக்கிறது,
சிறுத்துக்கொண்டே போகிறது.
நான் விட்டு வந்த இடத்துக்கே போகிறேன்,
இன்னும் வந்தே சேராத யாருக்காகவோ
ஒரு காலிப் படகை இழுத்துக்கொண்டு.

நடு ஏரிக்குக் கொசு வருவதில்லை.
வாயைத் திறந்தேன்.
பெயர் இல்லை, சொல் இல்லை, வெறும் சத்தம்.
ஒரு வாத்து மூழ்கி
வேறிடத்தில் எழுந்தது.
கை வலித்தது. கயிறு இழுத்தது. போட்டேன்.

படத்தில் ஒரே முறை கடக்கிறாள்.
நியாயம்தான்; நூற்றிரண்டு நிமிடத்துக்குள்
என்னைக் குணப்படுத்தியாக வேண்டுமே.
கடைசியில் மலையுச்சி, விரித்த கைகள், வயலின்.
என் நடை முடிந்தது பேருந்து நிறுத்தத்தில்.
பேருந்து இருபது நிமிடம் தாமதம்.

விளக்கு போட்டார்கள்.
கைக்குட்டையை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தேன்.
"இப்படித்தான் இருந்ததா?" என்றாள் கெர்தா.
"ஏறக்குறைய" என்றேன்.
அவளும் கணவனைப் புதைத்தவள்தான், போன வசந்தத்தில்.
பொய்யென்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வெளியே நிறுத்தத்தில் எல்லாக் கார்களும் வெளுத்திருந்தன.
என் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டினேன்.
சுரண்டி கையில் இருந்தது, இயந்திரம் சூடாக நேரமும் இருந்தது;
பக்கத்து வண்டியின் கண்ணாடியையும் சுரண்டிவிட்டேன்,
யாருடையதோ.