நசுங்கிய டப்பா

பதினேழாவது கேள்வி:
ஹெக்டேருக்கு எத்தனை கிலோ?

வெலுன்ஸாராவின் சரிவு
ஹெக்டேரைக் கண்டதில்லை.
எவ்வளவு விதை வாங்கியது என்று கேட்டால் சொல்லும்.
நாற்பது டப்பா என்கிறாள்.
கரிந்த அடிமரங்களுக்கு நடுவே
குச்சியால் குத்திய குழிக்கு ஐந்தாறு மணியாக
போன வாரம்தான் முடிந்ததாம்.

இன்று வியாழன்.
இங்கே வியாழனில் வயலில் கால் வைக்கலாகாது,
செவ்வாயிலும்.
அதனால்தான் எனக்கு வாய்த்தாள்.
(என் தரவு முழுக்கச் செவ்வாயும் வியாழனும்.
அதை ஒருவரும் கேட்கவில்லை.)

டப்பா என்றால் கெட்டிப்பால் டப்பா.
மடகாஸ்கரில் அதுதான் படி, அதுதான் மரக்கால்.
கையேட்டில் அதற்கு ஓர் எண் உண்டு:
இருநூற்று எண்பத்தைந்து கிராம்.
பெருக்கினால் போதும், நுருஹனித்ரா, என்றார் பேராசிரியர்.
பெருக்குவதற்காகத்தான்
ஒரு நாள் ரயில், அரை நாள் படகு,
மிச்சத்துக்கு
அட்டைகள் உறிஞ்சிய கால்கள்.

பரணிலிருந்து டப்பாவை இறக்கினாள்.
விலாவில் ஒரு பள்ளம்,
கட்டைவிரல் புதையும்.

"ஃபூடி விரட்டியது."

கதிர் பால் பிடிக்கையில்
கூட்டமாய் இறங்கும் செங்குருவிகள்.
அவள் இளையமகன் டப்பாவைக் கல்லில் அடித்து அடித்து
மூன்று வாரம் மலையையே தூங்கவிடவில்லை.

அரிசி நிரப்பித் தலைதட்டித்
தராசில் தொங்கவிட்டேன்.
இருநூற்று அறுபத்தொன்று.

இருபத்துநான்கு கிராம்.
குருவி தின்றதா,
குருவி தின்னாமல் காத்ததா,
எந்தக் கட்டத்தில் எழுத?

"இதில்தான் கடன் கொடுக்கிறேன்.
இதில்தான் திரும்பி வருகிறது.
பள்ளத்தால் யாருக்கும் நட்டமில்லை" என்றாள்.
"ஆற்றுத்துறை வியாபாரியுடையதை எடை போட்டாயா?
அதில் ஒரு கீறல் கிடையாது.
வாங்கும்போது குவிப்பான்,
விற்கும்போது தலைதட்டுவான்."

பதினெட்டு:
இந்த ஆண்டு காட்டை எரித்தீர்களா?
ஆம் என்றால் ஒன்று,
இல்லை என்றால் இரண்டு,
தெரியாது என்றால் ஒன்பது.

அவள் குதிகால் வெடிப்பில் கருப்பு இன்னும் கழுவுப்படவில்லை.
நானும் பார்த்தேன்,
நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.
முகட்டில் அப்போது ஒரு பாபகுத்து கூவியது,
நீளமாக, இழுத்து,
பதிலுக்கு இன்னொரு முகடு.

"எங்கள் உறவு அது.
அது இருக்கும் பக்கம்
நெருப்பு போகாது" என்றாள்,
நான் கேட்காமலே.

ஒன்பதைச் சுழித்தேன்.

உச்சிவேளை.
பழைய நெல் தீர்ந்து புதுநெல் முளைத்திராத மாதம்.
பானையில் நான்கு டப்பா போட்டாள்.
வழக்கமாக மூன்று;
கடைக்குட்டி அவள் முகத்தை ஏறிட்ட விதத்தில் தெரிந்தது.
எண்ணுவதுதானே என் வேலை, எண்ணினேன்.
பிறகு தின்றேன்.
அடிப்பிடித்த சோற்றில் நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டுப்
பழுப்பாய் ஒரு குவளை தந்தாள்.
புகையும் இனிப்புமாய் இருந்தது.

இப்போது தலைநகர்.
மின்சாரம் போய்விட்டது, ஜெனரேட்டர் இரைகிறது.
வீட்டில் ஆட்கள்: ஆறு.
வேளைக்கு அரிசி: மூன்று டப்பா.
அது உண்மைதான்.
நான்காவது என் உடம்பில் எங்கோ கடனாய் நிற்கிறது;
திருப்பி அளக்க
அந்தப் பள்ளம் உள்ள டப்பா என்னிடம் இல்லை.

பேராசிரியர் திரையில் விரல் வைக்கிறார்.
நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள் கோட்டை ஒட்டி,
ஒன்று மட்டும் தள்ளி, கீழே.
"இந்த வீட்டுக்கு என்ன? எடுத்துவிடலாமா?"

எடுக்க வேண்டாம் என்றேன்.

"காரணம்?"

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக் காத்திருந்தார்.

ஒன்பது, என்றேன்.